பெருவிரல்

பீடோர் பெரிய சாலையில்
டயர்க் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
எங்கள் கார்க்கடை.
கண்ணாடிக்கு உள்ளே மூன்று நிற்கும்:
இரண்டு உயரம், ஒன்று குள்ளம்.
குள்ளத்தைத் துடைப்பது என் வேலை.
விற்பதும்தான்.

ஏழு மாதமாய் அது அங்கேயே.
வருகிறவர்கள் கதவைத் திறப்பார்கள்,
துக்கவீட்டுக் கதவைப் போல
மெதுவாகச் சாத்துவார்கள்.

செம்பனைக் குத்தகைக்காரர் ஆரோக்கியதாஸ்
சனிக்கிழமை வந்தார், பிக்கப்பில்.
"குலை வெட்டுற கம்பு இதுல எங்கம்மா நுழையும்?
இதுல மண்டபத்துக்குப் போய் இறங்குனா
மொய் எழுதுறவன்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான்."

பாடத்தை ஒப்பித்தேன்:
லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்,
மாதத்துக்கு நானூற்றுச் சொச்சம் வெள்ளி,
சந்தை நாளில் எந்தச் சந்திலும் நிறுத்தலாம்.
எண்கள் உண்மைதான்.
எண்ணுக்காகக் கார் வாங்கியவரை
நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.
மழை விட்ட மறுநாள் தோட்டத்துச் செம்மண்ணில்
லோரி உழுத தடம் முழங்கால் ஆழம்.
அதைவிட,
பதினேழு வயதுவரை லோரியின் பின்னால்
நின்றுகொண்டே பள்ளிக்குப் போனவர்.
உயரத்தில் உட்காரும் ஆசையை
எந்த விலைப்பட்டியலில் நான் கழிப்பது?

அதுவரை மூலையில்
காப்பி குடித்துக்கொண்டிருந்த புஷ்பராணி,
அவர் மனைவி,
செருப்பைக் கழற்றிவிட்டுக் குள்ளத்தில் ஏறினார்.
ஏறவில்லை. சும்மா உட்கார்ந்தார்.
திறந்த கதவு வழியே ஒரு காலை நீட்டி
டைல்ஸ் தரையைப் பெருவிரலால் தொட்டார்.
மறுபடி தொட்டார்.

"உங்க வண்டியில ஏற
ஒரு கை வேணும் எனக்கு.
இறங்க இன்னொரு கை."

குரலில் குறை இல்லை.
கிளினிக்கில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவராம்,
அந்தக் குரல்.

ஆரோக்கியதாஸ் கூரையில் கை வைத்துக் குனிந்தார்.
குனியாமல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
பிறகு நிமிர்ந்து, உயரமானவற்றில் ஒன்றின்
விலையைக் கேட்டார்.

அன்று கையெழுத்து ஆகவில்லை.
செவ்வாய்க்கிழமை அந்த அம்மா தனியாக வந்தார்,
மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு,
ஏழாம் நம்பர் பஸ்ஸில்.
கடன் தன் பெயரிலேயே என்றார்.

நம்பர் தட்டு மாட்டிய நாளில்
கடை வாசலில் பிக்கப்
எஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது.
குள்ளம் முன்னால் போனது, திக்கித் திக்கி.
தாப்பா சாலைத் திருப்பம்வரை
பெரியது பின்னாலேயே போனது,
ஹாரன் அடிக்காமல்.

ஒன்று விற்றால் ஊர் மாறிவிடாது.
அடுத்து வந்தவர் உயரமானதன் முதுகைத்
தட்டிப் பார்த்து, மாட்டைப் போல,
முன்பணம் கட்டிவிட்டுப் போனார்.

காலி இடத்தைப் பார்த்துத் தவுக்கே கேட்டார்,
இன்னொரு சின்னது வரவழைக்கலாமா என்று.
தெரியாது என்றேன்.
துணியைப் பிழிந்தேன்.
வந்தால்
சிவப்பாக இருக்கட்டும் என்றேன்.