இருபத்தொன்பது படிகள்

கொட்டை நீங்கிய பீச் பழங்கள் வரும் மூன்றாம் பட்டையில்
எனக்கு எதிரே நிற்பவள் நூர்ட்டென்.
தலையில் நீல வலை, காதில் பஞ்சு.
ஷெப்பர்ட்டன் பழ ஆலையில் இரவுப் பணிக்கு
ஒரு மொழி போதும்: விரல்.

லண்டனில் கல்யாணம், திரும்பும் வழியில்
இஸ்தான்புல்லில் மூன்று நாள் என்று
நான் வாய் திறந்திருக்கக் கூடாது.
தேநீர் இடைவேளைக்குள்
டப்பா லேபிளின் பின்புறத்தில் வரைபடம் போட்டுவிட்டாள்.
இஸ்தான்புல்லை எல்லாரும்தான் பார்க்கிறார்கள்,
நீ கிரேசுன் போ.
செர்ரிக்கே பெயர் கொடுத்த ஊர் அது.
மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து, முப்பத்தொரு படி.
மேல்படியில் நின்று இடப்பக்கம் திரும்பினால்
கடலில் ஒரு தீவு.
ஒரு படம் எடு. வேறெதுவும் வேண்டாம்.

போனேன்.
கடலைத் தூர்த்துக் கட்டிய ஓடுபாதையில்
இறங்கும்போதே மழை.
மறுநாளும் மழை.
விடுதிக்கார மெலிஹ் ஜன்னலைக் காட்டி
"யாமூர்" என்றார்.
யாம், ஊர் என்று விழுந்தது எனக்கு.
இலக்கணம் பிழைத்த எவனோ ஒரு தமிழன்
முன்பே வந்து தங்கிப் போனது போல.
குடையை நீட்டிய பிறகுதான் விளங்கியது
மழைக்கு அவர்கள் சொல் அது.

சந்து இருந்தது. படி எண்ணினேன்.
இருபத்தொன்பது.
இறங்கி மறுபடி எண்ணினேன்.
கூடவே ஏறி இறங்கியது ஒரு சாம்பல் பூனை,
அதற்கும் இருபத்தொன்பதுதான்.
இடப்பக்கம் திரும்பினேன்.
வெள்ளை.
கடலுக்கும் ஊருக்கும் நடுவே நாலுவழிச் சாலை,
லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின.
அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.
எடுத்தேன் அதையும்.

ஓட்டோடு ஒரு கிலோ ஹேசல்நட் வாங்கியது தப்பு.
மெல்போர்னில் நாயோடு வந்த அதிகாரி
முகம் சுளிக்காமல்
தொட்டியில் கொட்டினார் அத்தனையையும்.
கோட்டுப் பையின் கிழிசலுக்குள் ஒன்று இருந்தது
வீடு வந்து துவைக்கும்போதுதான் தெரிந்தது.
சத்தியமாக.

இப்போது பட்டையில் பேரிக்காய்.
கையுறையைக் கழற்றிவிட்டு
போனை வாங்கிப் பார்த்தாள் நூர்ட்டென்.
பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.
அந்த வெள்ளைக்குள் ஓரிடத்தில் நகம் வைத்து
"இதோ" என்றாள்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டினேன்.

"படி?"

முப்பத்தொன்று என்று சொல்வதாகத்தான்
விமானத்தில் முடிவு செய்திருந்தேன்.
நாக்கு இருபத்தொன்பது என்றது.

வலையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் பழங்களையே பார்த்தாள்.
"அப்போ ரோடு ரெண்டு படி ஏறி வந்திருக்கு."

சங்கு ஊதியது. பட்டை நகர்ந்தது.
பையிலிருந்த அந்த ஒற்றைக் கொட்டையை
மேற்பார்வையாளர் பார்க்காத நேரம் நீட்டினேன்.
உடைப்பாள் என்று நினைத்தேன்.
இல்லை.
கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு
விடியும் வரைக்கும்
யாரோடும் பேசாமல் பேரிக்காய் பொறுக்கினாள்.