பத்து கிராம், கால் கிராம்

ஃபால்ஸ்டெர்போ கலங்கரை விளக்கத்தடியில்
ராடார் வண்டிக்குள் நாங்கள் இருவர்.
ஸ்டூரே குருவியின்மேல் பந்தயம் கட்டினான்.
எனக்கு மிஞ்சியது பூச்சி.

குருவி என்றால் கதிர்க்குருவி.
பத்து கிராம், ஆப்பிரிக்கா வரைக்குமான கொழுப்போடு சேர்த்து.
வசந்தத்தில் பிர்ச் மர உச்சியிலிருந்து
படியிறங்குவதுபோல் ஒன்று பாடுமே, அதுதான்.
இப்போது பாட்டு இல்லை. பசி மட்டும்.

பூச்சியை நிறுத்தால் கால் கிராம் தேறாது.
சாம்பல் சிறகில் வெள்ளியால் ஒரு கவட்டை,
எந்தப் பையனும் கல் வைத்து இழுக்காதது.
குரல் கிடையாது.
கட்டுச்சோறு, வயிற்றில் கொஞ்சம் தேன்.

முதல் மூன்று இரவும் மேற்கிலிருந்து
குறுக்கே அடித்தது காற்று.
குருவிகள் போயின,
தோளைச் சாய்த்து, கடலுக்குமேல் கோணலாக,
அடித்து, அடித்து, ஒரு நொடி சும்மா விழுந்து,
மறுபடி அடித்து.
ஸ்டூரேயும் அப்படித்தான் சைக்கிளில் வீட்டுக்குப் போனான்,
மழைச்சட்டை பாய்மரமாய் உப்ப.

பூச்சிகள் போகவில்லை.
க்ளோவர் வயலில் தேன் குடித்துக்கொண்டிருந்தன.
அவ்வப்போது ஒன்று எழும்பி
காற்றைத் தொட்டுப் பார்த்து,
ம்ஹூம் என்று இறங்கியது.
"சோம்பேறிக் கட்சி" என்றான் அவன்.
நான் மறுக்கவில்லை.
இந்த வேலைக்கே நான் முப்பத்தெட்டு வயதில்தான் வந்தேன்.

நாலாம் இரவு, பத்தரை மணிக்கு
வாடை திரும்பியது.
நானூறு மீட்டர் மேலே
காற்று ஆறாக ஓடும் இடத்தை
யார் சொல்லியோ சொல்லாமலோ கண்டுபிடித்து
ஏறிக்கொண்டன எல்லாம்.

திரையில் இரண்டும் புள்ளி.
சிறகடிப்பை எண்ணினால்தான் எது எதுவென்று தெரியும்:
விட்டுவிட்டு அடிப்பது குருவி,
விடாமல் நடுங்குவது பூச்சி.
சொந்த பலத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அது.
ஆனால் கடலைக் கடக்கையில்
குருவிக்கு மணிக்கு ஐம்பத்திரண்டு.
பூச்சிக்கு ஐம்பது.
ஸ்டூரே கருவியைத் தட்டிப் பார்த்தான்.
ஐம்பதேதான்.

பந்தயம் யாருக்கு என்று தீரவில்லை.
ஏலக்காய் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தோம்.
பெரிய துண்டு அவனுக்கு:
ஸ்கானோர் வடக்கே, வழி முழுக்க எதிர்காற்று.

விடிந்தபோது வண்டிக் கதவில்
ஒரு பூச்சி ஒட்டியிருந்தது, போகாதது.
எதிர் வேலியில் ஒரு கதிர்க்குருவி,
அதுவும் போகாதது,
தலையைச் சாய்த்து இந்தப் பக்கமே பார்த்தபடி.

ஸ்டூரே வெகுநேரம்
கதவை முதுகால் மறைத்து நின்றான்,
சைக்கிள் சாவியைத் தேடுகிறவன்போல.