தண்ணீர் வடிக்கும் நேரம்

விவாகரத்துத் தாளில்
உருளைக்கிழங்கு எந்தப் பத்தியிலும் வரவில்லை.
வீடு மலாக்கிக்கு. படகும் அவனுக்கு.
கடலைப் பார்த்துச் சரியும் துண்டு நிலமும்
அதன் ஓரத்துக் குடிலும் எனக்கு.
விதைக்கிழங்கு மூட்டையை
அவன் கொட்டகையிலிருந்து நானே தூக்கி வந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

கெர்ஸ் பிங்க்.
டோனகல் மேற்குக் கரையில்
வேறொன்றைக் கிழங்கு என்று சொன்னால்
அஞ்சலகத்தில் பேச்சு நின்றுவிடும்.
குளிர்காற்றில் நின்ற மீனவன் கழுத்தின் நிறம்.
குழிந்த கண்கள், தூங்காதவனுக்கு இருப்பதுபோல.
கத்தியால் சீவ முடியாது,
சீவவும் கூடாது.

பிப்ரவரியில் முட்டை அட்டைகளில்
கண் மேலே பார்க்க அடுக்கினேன்.
ஜன்னலோரம் முப்பது பேர்,
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து போலவே,
ஆனால் ஒருவரும் வாந்தி எடுக்காமல்.

மார்ச் புயல் கரையேற்றிய கடற்பாசியை
இருபத்தொரு நடை கைவண்டியில் இழுத்தேன்.
வேலிக்கு அந்தப்புறம் யூனன் ஹார்க்கின்:
"பெரிய வெள்ளிக்கு முன்னால் கிளறாதே அட்ராக்டா,
மண் மனசில் வைத்துக்கொள்ளும்."
பெரிய வெள்ளியன்று எனக்குப் பேருந்து இல்லை.
அன்றைக்கே நட்டேன்.
தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று
இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்று முறை மண் அணைத்தேன்.
அந்த வருடம் நான் அணைத்தது
அது ஒன்றைத்தான்.

ஜூலையில், வானொலியில்,
மரண அறிவிப்புகளுக்கும் மீன் விலைக்கும் நடுவே
கருகல் நோய் எச்சரிக்கை.
இரண்டு நாள் வெதுவெதுப்பு, ஈரக் காற்று,
போர்வைக்குள் மூச்சுவிடுவதுபோல ஒரு வானம்.
மயில்துத்தம், சலவைச் சோடா, ஒரு பீப்பாய் தண்ணீர்.
தெளிப்பானை முதுகில் கட்டி
வரப்பு வரப்பாக நடந்தேன்.
இலை நீலம். காலணி நீலம்.
ஞாயிறு திருப்பலியில்
நற்கருணைக்கு நீட்டிய உள்ளங்கையும் நீலம்;
பாதிரியார் ஒரு நொடி தயங்கினார்.

மலாக்கி தெளிக்கவில்லை.
கானாங்கெளுத்தி ஓடும் வாரம், அவன் கடலில் இருந்தான்.
திரும்பி வந்தபோது
வீட்டுக்குப் பின்னால் எல்லாம் கறுத்துச் சாய்ந்திருந்தது.
அந்த அழுகல் வாடை
மேட்டைத் தாண்டி என் சமையலறைக்கு வந்தது.
சந்தோஷப்பட்டேனா?
அரை நாள்.

அக்டோபரில் முள்கரண்டியைக் குத்தித் தூக்கினால்
மண்ணுக்குள்ளிருந்து சிவப்பு சிவப்பாக
உருண்டு வந்தன. எண்ணவில்லை.
உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,
மழை வரும்வரை.

முதல் பானையை நான் கொன்றேன்.
தளதளவென்று இருபத்தைந்து நிமிடம்;
மூடியைத் திறந்தால் உள்ளே கிழங்கு இல்லை.
தோல் மிதக்கும் வெள்ளைக் கஞ்சி.
உப்புப் போட்டுக் குடித்தேன்.
இரண்டாவது பானையும் கஞ்சி.
பதினேழு வருடம் கிழங்குப் பானை அவன் பொறுப்பு.
நான் தட்டு வைப்பேன்,
மோர் ஊற்றி வைப்பேன்,
எப்படி என்று கேட்டதே இல்லை.

மூன்றாவது பானை கொதிக்கும்போது கதவு தட்டியது.
மலாக்கி. ஒரு கையில் நான்கு கானாங்கெளுத்தி,
மறுகையில் காலி வாளி.
"உள்ளே வா" என்று நான் சொல்லவில்லை.
அவனும் வரவில்லை.
வாளியை நிரப்பினேன், பெரியதையும் சிறியதையும் கலந்து,
நியாயமாக.

நிலைப்படியில் நின்றவன்
பானையைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி,
கொதியின் சத்தம் சற்றே தடித்தபோது,
"இப்போ" என்றான்.
பழக்கம். சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான்.

நான் வடித்தேன்.
துணியை மேலே போட்டு
அடுப்பின் மெல்லிய சூட்டில் திரும்ப வைத்தேன்;
அந்தத் துணி மட்டும் எனக்கு நினைவிருந்தது.
அவன் போன பிறகு திறந்தேன்.
தோல் வெடித்து, உள்ளே மாவு மாவாக,
வெண்ணெய் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது.
நின்றுகொண்டே ஐந்து தின்றேன்.

மறுநாள் அதே சத்தத்துக்குக் காது கொடுத்து
அவன் சொன்னதற்கு ஒரு நிமிடம் முன்பே வடித்தேன்.
இன்னும் நன்றாக இருந்தது.