பதினொன்று முப்பத்தெட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
கழற்றிப்போட்ட தேக்குக் கதவுகளுக்கும்
எனாமல் தூக்குச் சட்டிகளுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.
"சாவி கொடுத்தா ஓடும்" என்றார் சீனி ராவுத்தர்.
"கீழ்ப் பொத்தானை மட்டும் அமுக்கிடாதீங்க,
யாரோ நிறுத்திவச்ச நேரம் உள்ள இருக்கு."

கறுப்பு முகம்.
ஒருகாலத்தில் இருட்டில் ஒளிர்ந்த எண்கள்
இப்போது ஆறிப்போன டீயின் நிறம்.
கையுறை விரலுக்கும் அகப்படும்படி
சின்ன வெங்காயம் போல ஒரு திருகு.
விளிம்பில் எறும்புச் சாரையாய்
வேகம், தூரம், எரிபொருள் என்று சுழலும் கணக்கு வளையம்.
ஒரு கையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு
மறு கை விரலால் வகுத்தல் போட்டவர்களுக்கானது.
நான் ஏடிஆர் ஓட்டுகிறேன்,
சென்னை தூத்துக்குடி, துணை விமானி.
எனக்குத் திரையே எல்லாம் போட்டுத் தந்துவிடும்.

வாரில் ஏழு ஓட்டைகள்.
இரண்டாவது அகன்று கிழிகிற நிலையில்:
தடித்த மணிக்கட்டு, அல்லது
ஜாக்கெட் கைக்கு மேலே கட்டியிருப்பான்.
ஏழாவது ஆலையில் போட்டதல்ல,
ஆணி அடித்த கோணல்.
அந்தக் கோணல்தான் எனக்குச் சரியாக இருந்தது.
பேரம் படியவில்லை. படியாமலே வாங்கினேன்.

சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தி முடியுமுன்
உமையாளின் ஸ்கூட்டியை இரவல் வாங்கி
செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்கு அப்பால் போனேன்.
சண்டைக்காகப் போட்ட ஓடுபாதை.
விரிசலெல்லாம் ஆவாரம்பூ.
நுனியில் நின்று காற்றைப் பார்த்தேன், பழக்கம்.
மேற்கிலிருந்து எட்டு நாட், சுமாராக.

நின்றிருந்தது பதினொரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி.
வளையத்தைத் திருப்பி
நூற்றைம்பத்தைந்து நாட் வைத்தேன்.
முப்பது கடல் மைல் காட்டியது.
இங்கிருந்து தொண்டி.
தண்ணீர் தொடங்கும் இடம்.
பட்டுப்புடவைக்குள் கை மயிர் குத்திட்டது.

பிறகு எழுபத்தைந்து வைத்துப் பார்த்தேன்,
தேவகோட்டை.
டவுன்பஸ் வேகத்துக்குப் பள்ளத்தூர்.
ஆணி அடித்தவர் அடுப்பங்கரையில் நின்றிருந்தால்
சரியாக ஒரு ஈடு இட்லி.
நேரத்தை எழுதி வேகத்தை எழுதாத சிட்டை இது,
யார் பேரில் பற்று எழுதுவது?

புறப்படுமுன் முட்கள் சுழியத்தில் இருக்க வேண்டும்.
அப்படித்தான் பழகியிருக்கிறேன்.
ராவுத்தர் கோபித்துக்கொள்ளட்டும்.
அமுக்கினேன்.

தொண்டியும் இட்லியும் ஒரே பாய்ச்சலில் போயின.
ஆனால் நீள முள் சுழியத்துக்கு வரவில்லை.
ஒன்றேகால் நொடி தள்ளி நின்றது.
இன்னொரு தடவை அமுக்கினேன்.
அங்கேயேதான்,
ஐந்தொகையில் இடிக்கிற காலணா மாதிரி.

பண்ணைக் கன்று ஒன்று
ஓடுபாதையின் குறுக்கே இறங்கியது.
மேல் பொத்தானைத் தட்டினேன்.
அது நடுவில் நின்று என்னைப் பார்த்தது,
ஆவாரந்தழையை மோந்தது, வேண்டாமென்று நடந்தது.
அக்கரை ஏறியதும் நிறுத்தினேன்.
நாற்பத்திரண்டு.
கழித்தால் நாற்பதே முக்கால்.