மூக்கும் மரியாதையும்

மாடிக்குக் குடிவந்த அன்று
பேரென்னங்க என்றார் குழந்தைவேலண்ணன்.
"நத்தாங்" என்றான்.
நாதனுங்களா, நல்ல பேருங்க என்று
வாடகைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.
ஊரு?
"ரூபே."
ஊரே ரூபாயா,
அப்பொ அட்வான்ஸ் அஞ்சு மாசத்துக்குக் குடுக்கலாமுங்க.
ஒன்றும் விளங்காமல் சிரித்தான்.
சிரிப்பைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்டார்.

நான் கீழ்வீட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள்.
கணபதியில் எங்கள் சந்தில்
மூன்று வீட்டுக்கு ஒரு பட்டறை.
வாய் எண்ணும், கை சுற்றும்,
காது மட்டும் சும்மா கிடக்கும்.
மாடிப்படி அதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அவன் ஆடி நான் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம்
கொடியில் காயும் இருபத்திரண்டாம் நம்பர்,
ஜோடி சேராத நீள சாக்ஸ்,
பிறகு அவனுடைய மத்தியானங்கள்.
காலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால்
அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.
இருபத்தோரு வயதுக்காரன்
மிச்ச நாளைத் தள்ளுவது
எத்தனை பெரிய பாடு என்று
அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருப்பான்,
திருவிழாவுக்குக் காத்திருப்பதுபோல.
பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிப்
பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு
"போங்க" என்பான் அதனிடம்.
எங்கள் தெரு அவனுக்கு
வேறு மாதிரி சொல்லித்தரவில்லை.

பத்தரைக்கு ஃபோன் வரும்.
ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து
அவன் அம்மா பஸ்ஸுக்கு நிற்கும் நேரமாம் அங்கே.
"மமாங்" என்பான்.
பியாங். நோங். துமாங்.
எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ங்.
பெத்தவகிட்டயே என்ன மருவாதி பாரு என்று
எதிர்வீட்டு சிவபாக்கியம் தன் மகனைத்
தோசைக்கரண்டியோடு துரத்தினாள்.
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
ஃபோனில் தட்டித் தேடிக் காட்டினான்:
மரியாதை இல்லை, மூக்கு.

சிவபாக்கியத்திடம் நான் இதைச் சொல்லவில்லை.

தை மாதம் கணுக்கால் பிசகிக்கொண்டது.
அணி வடகிழக்கே ஆடப் போயிருந்தது,
வைத்தியம் பார்க்கிறவரும் கூடவே.
கரும்பு ஜூஸ் கடையில் பாதிக் கட்டி ஐஸ் வாங்கி
வார்னிஷ் வாளியை மூன்று தரம் கழுவி
என் வாசலில் உட்காரவைத்தேன்.
மூணு காயில் முடியற வரைக்கும் கால எடுக்கக் கூடாதுங்க என்றேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு
என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டாவது காயிலில் ஃபோன்.
முகத்தை மட்டும் காட்டிப் பேசினான்,
வாளி தெரியாமல்.
ஐஸ் சும்மா இருக்கவில்லை, நகர்ந்து
தகரத்தில் ஒரு சத்தம் போட்டது.
அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
பஸ் கதவு திறக்கும் ஓசை, மூடும் ஓசை.
அவள் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

ஃபோனை என் பக்கம் திருப்பினான்.
வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர்,
தூக்கம் கெட்ட கண்.
என்னென்னவோ சொன்னாள், வேகமாக, நிறைய.
எனக்குப் பிடிபட்டது வாக்கியத்தின் வால் மட்டும்.
"ஆமாங்க" என்றேன்.
அவள் இன்னும் சொன்னாள்.
"பாத்துக்கறனுங்க. சாப்பிட்டுட்டுத்தானுங்க இருக்கறான்."
இரண்டு பக்கமும் ங் போய்வந்துகொண்டிருந்தது.
நடுவில் இருந்தவன் மொழிபெயர்க்கவில்லை.
வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனியில் ஒப்பந்தத்தை நீட்டவில்லை.
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
அட்வான்ஸில் சுண்ணாம்புக்கென்று பிடித்ததுபோக
மீதியை எண்ணிக் கொடுத்தார் குழந்தைவேலண்ணன்.
"ரூபே" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

விடியக்காலம் நாலு மணிக்குக் கார்.
அவசர ஆர்டர், நான் உட்கார்ந்திருந்தேன்.
பெட்டியைப் படியில் தட்டாமல் இறக்கிக்கொண்டு வந்து
வாசலில் நின்றான்.
"போயிட்டு வர்றங்."

மரியாதையா, மூக்கா?
யோசித்ததில்
ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா என்று விட்டுப்போயிற்று.
கம்பியைப் பிரித்து
ஒன்றிலிருந்து சுற்றினேன்.