ஆயிரத்து மூன்று

வுப்பர்டால். இரவு ஒன்றே முக்கால்.
பல் மருத்துவமனையின் நிலவறையில்
சர்வர் புது மூச்சு விடுகிறது.
மேம்படுத்தல் முடிந்தது, வெற்றி என்கிறது திரை.
எக்ஸ்ரேப் படங்களைத் திறந்தால்
அனுமதி மறுக்கப்பட்டது.

நான் உண்டாக்கிய ஃபோல்டர்.
பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போன
என் பிழைகூட அப்படியே இருக்கிறது.
அனுமதி மறுக்கப்பட்டது.

பட்டியல் போட்டுப் பார்க்கிறேன்.
என்னுடையதெல்லாம் இப்போது
வாரம் இரண்டு நாள் வரும் யானிக்கின் பெயரில்.
தானப்பத்திரம் எழுதிய ஞாபகமில்லை.

பிறகுதான் உறைக்கிறது:
இயந்திரத்துக்கு நம் பெயர் என்றைக்குமே தெரியாது,
எண் தெரியும்.
இருப்பவர்களுக்கு மட்டும் கணக்குகளைப் புதிதாக
அகரவரிசையில் தட்டினேன், ஒரு ஒழுங்குக்காக.
வீடுகள் நின்ற இடத்தில் நிற்க
ஆட்கள் மாறிப் படுத்திருக்கிறார்கள்.

எனக்கு விழுந்தது ஆயிரத்து மூன்று.
டெட்லெஃப் க்ரோனாவின் எண்.
மூன்று வருடம் எதிர்மேசை.
பிப்ரவரியில் போனார், கேக்கூட வெட்டாமல்.
அவருடைய அடைவு முழுக்க
எனக்குத் திறந்து கிடக்கிறது.
சம்பளச் சீட்டுகள்.
பால்டிக் கரையில் ஈரமான ஒரு நாய்.
'ஹேகெமான் அம்மையாருக்கு, அனுப்பவில்லை'
என்று ஒரு கடிதம்.

சுட்டி அதன்மேல் நின்றது.
எவ்வளவு நேரம் என்று
எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கட்டளைகளைத் தட்டினேன்.
யானிக்கிடமிருந்து என்னுடையது எனக்கு,
படங்கள் மருத்துவமனைக்கு,
கடைசியாக டெட்லெஃபுடையது டெட்லெஃபுக்கு.
அப்படி ஒரு பயனர் இல்லை என்றது.
நியாயம்தான்.
இதுவரை யாருக்கும் தராத,
இனி யாருக்கும் தரப்போகாத
நாலாயிரத்துப் பதினேழை
அவர் கோப்புகள்மேல் ஒட்டினேன்.
ரூட்டுக்குப் பூட்டே இல்லை;
அதனால் உடனே ரூட்டிலிருந்து வெளியேறினேன்.
என் பெயரில் நுழைந்து ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
அந்த இரவில் அந்த வரி
அப்போதுதான் பிடித்திருந்தது.

ஏழரைக்கு முதல் நோயாளி,
கீழ்க்கடைவாய், இடதுபக்கம்.
படம் வரும்.

விடியாத தெருவில் தொங்கு ரயில்
ஆற்றின்மேல் வெளிச்சப் பெட்டியாய்ப் போகிறது.
என் வாசலில் அழைப்புமணியருகே
இன்னும் 'கோவால்ச்சிக்'.
இந்த ஊர்த் தபால்காரருக்கு
வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான்.
பதினோரு மாதமாக என் கடிதங்கள்
வந்த வழியே திரும்பிப் போகின்றன,
அவன் கடிதங்கள் என் பெட்டியில் நிறைகின்றன.
ஒன்றையும் பிரித்ததில்லை.

பேனாவை எடுத்தேன்.
குளிரில் மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே
நிற்கிறேன், படியில்.