கூடிய கணக்கு

பெரும்பாறைக்கு முந்தைய கொண்டை ஊசியில்
வண்டி இருமியது.
நான் கியரைக் குறைத்தேன்.
அது வேகத்தைக் குறைத்தது, பிறகு மூச்சை.
மடியிலிருந்த ரசப் பாத்திரம் சிந்தாமல் இறங்கி
பின்சக்கரத்துக்குக் கல் போட்டாள்
நாத்தனார் வைரமணி.

வீடு என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.
இரண்டு கட்டில், ஒரு சிங்க்,
ஜன்னலில் கொத்தமல்லித் தொட்டி, கேஸ் சிலிண்டர்,
எல்லாம் சரிவில் பின்பக்கம் நகர்ந்து
கதவுப் பூட்டில் சாய்ந்துகொண்டிருந்தன.

கையால் பம்ப் அடித்தால் கொஞ்ச தூரம் போகும்.
வளைவுக்கு ஒருதரம் இறங்கி அடித்து
மூன்று மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர்.
முந்திப்போன வாழைத்தார் லாரிக்காரன் கேட்டான்,
"என்னக்கா, மலைக்கு வேண்டுதலா?"

சேசுராஜ் பட்டறையில்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில்
செயின் பிளாக் தொங்கியது.
அவர் இன்ஜினைத் தொடவில்லை.
டிப்ஸ்டிக்கை உருவியபடி கேட்டார்,
"ஆயில் எப்படி?"
பெருமையாகச் சொன்னேன்:
"நாலு மாசமா ஒரு சொட்டு ஊத்தலை.
போன மாசத்துக்கு இந்த மாசம்
கோடு கொஞ்சம் மேலதான் இருக்கு."
குச்சியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.
டீசல்.

முப்பத்தொரு வருஷம்
வீடு வீடாக மீட்டர் பார்த்தவள் நான்.
யூனிட் கூடினால் காரணம் கேட்காமல்
ஒரு கார்டிலும் எழுதியதில்லை.
புது ஃபிரிட்ஜா, மோட்டாரா, திருட்டு ஒயரா,
கூடுவது எங்கிருந்தோ வருகிறது
என்பதற்குத்தான் சம்பளமே வாங்கினேன்.

பழைய லிஃப்ட் பம்பைப் பிரித்தபோது
டயாப்ரத்தில்
மூக்குத்தித் திருகு நுழையும் அளவு கிழிசல்.

"இதே மாதிரி மாத்திடலாம்.
ஆனா டாங்க் பதினாறு அடி பின்னால.
ஏத்தத்துல இன்னும் கீழ போயிடுது.
உறிஞ்சறதுக்கு ஒரு எல்லை இருக்குக்கா.
டாங்க் பக்கத்துல கரண்டுப் பம்ப் வெச்சா
அது தள்ளிவிடும்."

கரண்டு என்றதும் வைரமணி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் வத்தலக்குண்டு பஸ்ஸில்,
கண்டக்டர் சீட்டுக்கு அடியில்
பீன்ஸ் விதை மூட்டையோடு வந்தது பம்ப்.
கையளவுதான்.
ரப்பர் புஷ் வைத்து சேஸிஸில் மாட்டினார்.
ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் நான்.
அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய பம்ப் இருந்த ஓட்டையை
தகடு வைத்து மூடும் முன்
டார்ச் அடித்துக் காட்டினார்.
உள்ளே கேம்.
இனி அழுத்த எதுவுமில்லாமல் சுற்றும்.
"சும்மாவா?"
"சும்மாதான். ஒண்ணும் ஆகாது."
ரிட்டயர் ஆன பிறகும் ஐந்தரைக்கு எழுந்து
பேனா தேடுகிற என் கையைப் பற்றி
அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்.

சாவியைப் பாதி திருப்பினேன்.
பின்னாலிருந்து
பல்லி சொல்வதுபோல் விடாமல் ஒரு சத்தம்.
ஃபில்டர் திருகைத் தளர்த்தினார்.
நுரை. நுரை. தனித்தனிக் குமிழி.
பிறகு நெளியாத ஒற்றை இழை.

திருகை இறுக்குவதற்குள்
வைரமணி கத்தினாள்.
புது அழுத்தத்தில்
பழைய ரப்பர் குழாய் இணைப்பில் வியர்த்திருந்தது.
உறிஞ்சிய காலமெல்லாம்
அதே வெடிப்பு காற்றை உள்ளே விட்டிருக்கிறது.
வெளியே சொட்டவில்லை,
அதனால் யாரும் அதைக் கேட்கவில்லை.

குழாய் மூன்றடி, கிளிப் நாலு, ஆயில் முழுசும் புதுசு.
பில்லைப் பார்த்து வைரமணி,
"நீ எழுதின பில்லே தேவலை" என்றாள்.

தாண்டிக்குடி ஏற்றம் முழுக்க
மூன்றாவது கியரில் போனோம்.
அவள் பேசவில்லை. இருமலுக்காக
இருவருமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

காபித் தோட்ட ஓரம் ராத்தங்கல்.
காலை ஐந்தரை. மூடுபனி, ஈரப் பானட்.
டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து,
விட்டு எடுத்து,
கோட்டைப் பார்க்கும் முன்
மோந்து பார்த்தேன்.